நார்வே வறுவல், ஜப்பான் வடிப்பு: 'லைட் ரோஸ்ட்' காபி ஏன் டீ மாதிரி இருக்கிறது?

"இன்னா பாப்பா இது, காபின்னு சொல்லிட்டு டீ குடுக்கிற?"

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்த டம்ளரில் பால் இல்லை, சர்க்கரை இல்லை. தேன் நிறத்தில், அடி தெரிகிற அளவுக்குத் தெளிவான காபி. பாக்கெட்டில் 'லைட் ரோஸ்ட்' என்று போட்டிருந்தது. கால் கிலோ 500 ரூபாய்க்கு மேல். விலையை நான் சொல்லவில்லை.

அப்பா 26 வருஷம் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்தவர். நைட் ஷிப்டில் அவரை நிற்க வைத்தது கேட்டுக்கு வெளியே கிடைத்த டீ. காபி என்பது வீட்டில் காலையில் ஒரே ஒரு டம்ளர், அம்மா போடுவது, பாலும் சர்க்கரையும் தாராளமாக.

அவர் கேட்டதில் பாதி கிண்டல். மீதிப் பாதி சரியான சந்தேகம். சென்னையிலும் பெங்களூருவிலும் நம்ம வயதுக்காரர்கள் வரிசையில் நின்று குடிக்கிற இந்த 'பவர் ஓவர்' காபிக்கு ஒரு கால் நார்வேயில், இன்னொரு கால் ஜப்பானில். இரண்டு நாடுமே காபிக்குப் பேர்போன விவசாய நாடு கிடையாது. நார்வேயில் காபிச் செடியே வளராது. ஜப்பானில் தெற்குத் தீவுகளில் ஏதோ கொஞ்சம். ஆனால் நல்ல காபி எப்படி இருக்கணும் என்று இன்று உலகத்துக்குப் பாடம் எடுப்பவர்களில் இவர்கள் முன்வரிசை. 200 வருஷமாக மலையில் காபி பயிரிடும் தமிழ்நாடு அந்த வரிசையில் எங்கே இருக்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். முதலில் அப்பாவின் கேள்விக்குப் பதில்.

வறுக்கும்போது என்ன நடக்கிறது?

பச்சைக் காபிக்கொட்டையை முகர்ந்து பார்த்தால் காபி வாசனையே வராது. புல்லும் பச்சைப் பட்டாணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். வறுக்கும் டிரம்முக்குள் போட்டுச் சூடு ஏற்றினால் முதலில் ஈரம் போகும், கொட்டை மஞ்சளாகும். 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ரொட்டி சுடுகிற வாசனை. தோசை ஓரம் சிவக்கும்போது நடக்கிற அதே வேதிவினைதான்.

ஏறக்குறைய 200 டிகிரியில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வெடிக்கும். இதை 'ஃபர்ஸ்ட் கிராக்' என்பார்கள். இதற்குப் பிறகு கொட்டையைக் குடிக்கலாம். லைட் ரோஸ்ட் என்றால் இந்தச் சத்தம் வந்து கொஞ்ச நேரத்திலேயே இறக்கி ஆற வைத்துவிடுவது. இன்னும் சூடு ஏற்றினால் 225 டிகிரி பக்கத்தில் இன்னொரு முறை, சன்னமாக வெடிக்கும். கொட்டை கறுக்கும், மேலே எண்ணெய் மினுக்கும். அது டார்க் ரோஸ்ட்.

காபி ஒரு பழத்தின் விதை. லேசாக வறுத்தால் அந்தப் பழத்தின் புளிப்பும் பூ வாசனையும் மிச்சம் இருக்கும். கறுக்க வறுத்தால் அதெல்லாம் உடைந்து, கசப்பும் கருகல் வாசனையும் மேலே வரும். எந்த மலைக் கொட்டையாக இருந்தாலும் ஒரே மாதிரி ருசிக்க ஆரம்பிக்கும். அப்பாவுக்கு டீ ஞாபகம் வந்தது அந்தப் புளிப்பாலும் மெல்லிசான தன்மையாலும்தான். (கறுப்பாக இருந்தால் 'கிக்' அதிகம் என்று நினைப்பவர்களுக்கு: வறுப்பதால் கஃபீன் அளவு பெரிதாக மாறுவதில்லை.)

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா இடையில் புகுந்தார்.

"வெளிய சிவந்து உள்ள வேகலன்னா?"

"பச்சை வாசனை அடிக்கும்பா. வைக்கோல் மாதிரி."

"அதான. பில்லட்டும் அப்படித்தான். வெளிய பார்த்தா நல்லா சிவந்திருக்கும். உள்ள சூடு ஏறாம ரோல்ல விட்டா பிளந்துக்கும். சூடு முக்கியம் இல்ல பாப்பா, எவ்ளோ நேரத்துல ஏத்துறன்றதுதான் முக்கியம்."

நான் மூன்று யூடியூப் வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். லைட் ரோஸ்ட் சுலபமான வேலை இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். கறுக்க வறுத்தால் தப்பெல்லாம் மறைந்துவிடும். லேசாக வறுத்தால் மறைக்க ஒன்றும் இருக்காது. கொட்டை மட்டமாக இருந்தாலும் தெரியும், வறுத்தவர் அவசரப்பட்டாலும் தெரியும்.

கருவாடு கொடுத்து காபி வாங்கிய நாடு

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பக்கத்தில் ஃபின்லாந்து. தலைக்கு எவ்வளவு காபி குடிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டால் முதல் வரிசையில் இருப்பவர்கள் இவர்கள். ஃபின்லாந்தில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 12 கிலோ காபிக்கொட்டை. பெரும்பாலும் பால் கலக்காமல், நாள் முழுக்க.

நார்வேக்குக் காபி வந்த வழி சுவாரசியமானது. அங்கே பிடிக்கும் காட் மீனை உப்புப் போட்டுக் காயவைத்து, அதாவது கருவாடாக்கி, கப்பலில் பிரேசிலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும் கப்பலில் காபி வந்தது. பழவேற்காட்டுக் கருவாடு தின்று வளர்ந்த எனக்கு இந்த வியாபாரம் ரொம்ப நியாயமாகத் தெரிகிறது.

இன்னொரு காரணம் மதுவிலக்கு. 1919ல் நடந்த வாக்கெடுப்பில் நார்வே மக்கள் சாராயத் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள். 1926ல் மறுபடி வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்றார்கள். மதுவுக்கு எதிரான இயக்கங்கள் நீட்டிய கோப்பை காபி. வீட்டில் கொரகொரவென்று அரைத்த தூளைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைத்து, தூள் அடியில் தங்கியதும் மேலாக ஊற்றிக் குடிப்பது பழைய வழக்கம். இப்படி நிறைய, பால் இல்லாமல் குடிப்பவர்களுக்குக் கருகல் கசப்பு ஒத்துவராது. லேசான வறுவல் அங்கே நிலைத்தது.

2000ல் உலக பாரிஸ்டா சாம்பியன்ஷிப் முதல்முறை நடந்தபோது ஜெயித்தவர் நார்வேயின் ராபர்ட் தோரேசன். முதல் ஏழு வருஷத்தில் ஆறு முறை கோப்பை நார்வேக்கோ டென்மார்க்குக்கோதான் போனது. 2004ல் ஜெயித்த டிம் வென்டல்போ, 2007ல் ஆஸ்லோவில் சின்னதாக ஒரு வறுப்பகம் திறந்தார். எந்த நாடு என்பதோடு நிறுத்தாமல் எந்தப் பண்ணை, என்ன ரகம், எப்போது பறித்தது என்று பாக்கெட்டில் எழுதுவது இவர்களைப் போன்றவர்களால்தான் உலகம் முழுக்கப் பரவியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

ஜப்பான்: ஒரு கப், ஒரு ஆள், முழுக் கவனம்

டோக்கியோவில் முதல் காபிக் கடை 1888ல் உவேனோ பகுதியில் திறந்தது. 1911ல் கின்சாவில் 'கஃபே பாலிஸ்டா' வந்தது. பிரேசிலுக்கு ஜப்பானியத் தொழிலாளர்களை அனுப்பிய தொடர்பில் அங்கிருந்து இலவசமாக வந்த கொட்டையை வைத்து நடத்திய கடை. பிறகு தெருவுக்குத் தெரு 'கிஸ்ஸாத்தென்' எனப்படும் காபிக் கடைகள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். ஜப்பான் காபி என்றாலே லைட் ரோஸ்ட் என்று இன்ஸ்டாகிராமில் சொல்கிறார்கள். பழைய கிஸ்ஸாத்தென் காபி நேர் எதிர். நம்ம டிகாக்‌ஷன் மாதிரி கறுத்தது, கெட்டியானது. ஃபிளானல் துணியில் வடிப்பார்கள். கின்சாவில் 1948ல் 'கஃபே தி லாம்ப்ர' கடையைத் தொடங்கிய இச்சிரோ செகிகுச்சி, 2018ல் 103 வயதில் இறந்தார். பல வருஷம் பழசான கொட்டைகளைப் பதப்படுத்தி வைத்து வறுப்பது அவர் கடையின் விசேஷம்.

ஜப்பானின் பங்களிப்பு வறுவலின் நிறத்தில் இல்லை, வடிக்கும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு கப்பையும் தனியாக, எடை பார்த்து, நேரம் பார்த்து, மெல்லிசான நூலாகத் தண்ணி ஊற்றி. இன்று உலகம் முழுக்க காபிக் கடைகளில் பார்க்கிற அந்தக் கூம்பு, ஹாரியோ கம்பெனியின் வி60. கூம்பின் கோணம் 60 டிகிரி, அதான் பெயர். 1921ல் தொடங்கிய கண்ணாடிக் கம்பெனி அது. 2016ல் உலக பிரூவர்ஸ் கப் ஜெயித்த டெட்சு கசூயாவின் '4:6' முறையும் அந்தக் கூம்பில் செய்வதுதான். 20 கிராம் தூள், 300 மில்லி தண்ணி. முதல் 40 சதவீதத் தண்ணியை எப்படிப் பிரித்து ஊற்றுகிறோமோ அது புளிப்பு-இனிப்பைத் தீர்மானிக்கும். மீதி 60 சதவீதம் எத்தனை முறையாக ஊற்றுகிறோமோ அது கெட்டித்தன்மையை.

கேட்க பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் இது புதுசில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. இசுசு, டைகின் என்று ஜப்பான் கம்பெனிகள். இந்தப் பக்கத்து ஃபாக்டரிகளிலும் சுவரில் '5எஸ்' போர்டு தொங்கும். ஒரு வேலையை அளந்து, எழுதி வைத்து, நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் நல்லா செய் என்கிற 'கைசன்' எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பாடமாகத் தெரியும். அதைக் காபிக்கு யாரும் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டும் சேர்ந்த இடம்

ஆஸ்லோவில் 1963லிருந்து 'ஃபூக்லென்' என்று ஒரு காபிக் கடை. நார்வே மொழியில் பறவை என்று அர்த்தம். பழைய நார்வே மர நாற்காலி, மேசைகளைப் போட்டு, பிடித்தால் அவற்றையும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நடத்துகிறார்கள். 2012ல் இவர்கள் டோக்கியோவில், யோயோகி பூங்கா அருகே டோமிகயா பகுதியில் கிளை திறந்தார்கள். அதை எடுத்து நடத்தியவர் ஆஸ்லோ கடையில் வேலை பழகிய ஜப்பானியர், கென்ஜி கொஜிமா. 2014லிருந்து அங்கேயே சொந்தமாக வறுக்கவும் ஆரம்பித்தார்கள்.

கறுத்த காபிக்குப் பழகிய ஊரில் தேன் நிறக் காபி. வறுவல் நார்வே மாதிரி, வடிப்பு ஜப்பான் கை. இன்று உலகத்தில் எந்த நகரத்தில் புது காபிக் கடை திறந்தாலும் வெளிர் மரமேசை, வி60, பண்ணைப் பெயர் போட்ட பாக்கெட் என்று பார்க்கிறோமே, அந்தக் கலவைக்கு ஃபூக்லென் டோக்கியோ ஒரு முக்கியமான முகவரி.

உங்கள் காபியில் இருப்பது திருவள்ளூர் தண்ணி

இப்போது ஒரு விஷயம், இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. வடித்த காபியில் காபி என்று கரைந்திருப்பது வெறும் ஒன்றேகால், ஒன்றரை சதவீதம்தான். மீதி 98 சதவீதத்துக்கு மேல் தண்ணி.

லைட் ரோஸ்டின் உயிரே அந்தப் புளிப்பு. தண்ணியில் கார்பனேட் அதிகமாக இருந்தால் புளிப்பை அமுக்கிவிடும். சொத சொதவென்று சப்பென இருக்கும். ஆஸ்லோவுக்கு மலை ஏரித் தண்ணி, மென்மையானது. ஜப்பானிலும் பெரும்பாலும் மென்மையான தண்ணிதான். அவர்களுக்கு அந்த ருசி கைகூடியதில் தண்ணிக்கும் பங்கு உண்டு. ஸ்பெஷாலிட்டி காபிச் சங்கத்தின் பரிந்துரை, கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருக்கணும் என்பது.

எங்கள் வீட்டு போர் தண்ணியில் மீட்டரை விட்டேன். நாலு இலக்கத்தில் போய் நின்றது. அதில் போட்ட முதல் காபி, உண்மையைச் சொல்கிறேன், துணி ஊறவைத்த தண்ணி மாதிரி இருந்தது. ஆர்ஓ தண்ணியில் போட்டால் இன்னொரு பிரச்சினை. ருசியைக் கொட்டையிலிருந்து இழுக்க கொஞ்சம் கால்சியம், மெக்னீசியம் வேணும். ஆர்ஓ அதையும் எடுத்துவிடும். கூர்மையான புளிப்பு மட்டும் நாக்கில் நின்றது. இரண்டையும் கலந்து பார்க்கலாமே என்றால், மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அது கால்சியமா, கடல் பக்கத்து சோடியமா என்று பிரித்துச் சொல்லாது.

கடைசியில் கைகொடுத்தது சென்னையில் நான் தங்கியிருக்கும் வீட்டுக் குழாய்த் தண்ணி. மெட்ரோ வாட்டர். அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது? 1944ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய பூண்டி நீர்த்தேக்கம், சோழவரம் ஏரி, 2020ல் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம், மீஞ்சூர் பக்கம் 2010ல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, ஊத்துக்கோட்டை வழியாக வரும் கிருஷ்ணா நீர். எல்லாமே திருவள்ளூர் மாவட்டம். சென்னை காபிக் கடைகள் 200 ரூபாய்க்கு மேல் விலை போட்டு விற்கிற கோப்பையில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து ஏரி. எங்கள் வீட்டில் போர் தண்ணி. நான் சனிக்கிழமை இரவு அந்தத் தண்ணியை இரண்டு பாட்டிலில் பிடித்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஊருக்கே திருப்பி எடுத்துவந்து காய்ச்சிப் போட்டதுதான் அப்பா குடித்த காபி.

இதில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. காபி நன்றாக வந்தது.

அப்போ நம்ம ஃபில்டர் காபி மட்டமா?

இல்லை. வேறு. இந்தக் கேள்வி வந்தாலே கமென்ட் பாக்ஸில் சண்டை வரும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நம்ம பித்தளை ஃபில்டரும் சொட்டுச் சொட்டாக வடிக்கும் கருவிதான். ஆனால் அது பாலுக்காகவே உருவான காபி. லைட் ரோஸ்டில் பால் ஊற்றினால் புளித்த மாதிரி, ருசி பிரிந்து நிற்கும். பாலை எதிர்த்து நிற்கக் கெட்டி டிகாக்‌ஷன் வேணும். அதற்கு நல்லா வறுத்த கொட்டையும் சிக்கரியும். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. கஃபீன் கிடையாது, விலை குறைவு, நிறமும் கெட்டியும் கொடுக்கும், தண்ணி மெதுவாக இறங்க வைக்கும். நான் அதே ஃபில்டரில் சிக்கரி இல்லாத தூளைப் போட்டபோது டிகாக்‌ஷன் கடகடவென்று இறங்கிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் இருக்கும் காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கணும், எவ்வளவு என்று பாக்கெட்டில் போடணும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. '53:47' என்று கூடப் பார்க்கலாம். அதாவது 100 ரூபாய்க்கு வாங்கும் தூளில் கிட்டத்தட்ட பாதி வேர். அது தப்பு என்று சொல்லவில்லை, பிடித்தால் குடிக்கலாம். தெரிந்து குடிக்கணும்.

தாண்டிக்குடி எங்கே போனது?

எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

ஏற்காட்டில் காபி 1820களில் வந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாக வரலாறு. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கம் அரபிகா, கூடலூரில் ரோபஸ்டா. ஒரு வருஷத்துக்கு இந்தியாவில் விளையும் காபி சுமார் மூன்றரை லட்சம் டன். அதில் தமிழ்நாடு ஏறக்குறைய 5 சதவீதம். அளவில் சின்னது. ஆனால் நிழல் மரங்களுக்குக் கீழே, மிளகுக் கொடியோடு, சின்னச் சின்னத் தோட்டங்களில் வளர்கிற அரபிகா அதில் நிறைய.

இந்தப் பெயர்களில் எத்தனையை நீங்கள் ஒரு காபிப் பாக்கெட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

2019ல் இந்தியாவின் ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு அரபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அரபிகா, பாபாபுடன்கிரி அரபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அரபிகா. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. அரக்கைப் பாருங்கள். நம் மலைகளைவிட மிகவும் பின்னால் காபிக்கு வந்த இடம். பழங்குடி விவசாயிகளின் பெயரோடு, ஊர் பெயரோடு விற்றதால் பாரிஸில்கூடக் கடை போட்டார்கள். ஏற்காட்டுக் கொட்டை மட்டும் இன்னும் யாரோ ஒருவருடைய கலவைக்குள் பேர் இல்லாமல் கரைந்துகொண்டிருக்கிறது.

காரணம் ருசி மட்டும் இல்லை. காபித்தூள் கடையில் பேசுகிற மொழியைக் கேளுங்கள். பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரோபஸ்டா. எல்லாம் கொட்டையின் அளவும் தரமும். ஊர் இல்லை. கலவையை நல்லா வறுத்துச் சிக்கரி சேர்த்த பிறகு எந்த மலை என்பது கடைக்காரருக்கும் தேவையில்லை, நமக்கும் தேவையில்லை. தேவையில்லாத விஷயத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். செர்ரிப் பழம் சிவந்த பிறகு மட்டும், நாலைந்து தடவை போய்ப் பொறுக்கிப் பறிக்கிற தோட்டக்காரருக்கும், ஒரே தடவையில் உருவிப் போடுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத விலை கிடைத்தால் யார் பொறுக்கிப் பறிப்பார்?

லைட் ரோஸ்ட் இங்கே வேலை செய்கிறது. அதில் மலை தெரியும், பறித்த கை தெரியும். தெரிவதற்கு விலை வைக்கலாம். 100க்கு 80 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கினால்தான் ஸ்பெஷாலிட்டி என்ற அளவுகோலும், அதற்குத் தனி விலை என்ற பேச்சும் அப்படி வந்தவைதான். 2013ல் டெல்லியில் தொடங்கிய புளூ டோக்காய் போன்ற இந்திய வறுப்பகங்கள் எஸ்டேட் பெயரைப் பாக்கெட்டின் முகப்பில் போட ஆரம்பித்தன. (ஏதோ ஜப்பான் பெயர் என்று நானும் நினைத்தேன். அந்த 'டோக்காய்' நம்ம மயில் தோகைதான்.) சென்னையிலும் சின்ன வறுப்பகங்கள் வந்துவிட்டன. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்க எத்தனையோ உலை உண்டு, காபிக்கொட்டைக்கு இன்னும் வரவில்லை.

யாருக்கான காபி?

இதையும் பேசாமல் போனால் நியாயம் இல்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் காட்டுகிற மாதிரி, தமிழ்நாட்டில் காபி என்றைக்குமே வெறும் பானமாக இருந்ததில்லை. காபி நடுத்தர, மேல்சாதி வீட்டு அடையாளமாகவும், டீ உழைப்பவர்களின் பானமாகவும் பிரிந்து நின்றது. ஹோட்டல் வாசலில் 'பிராமணாள்' என்று போர்டு தொங்கிய காலம் உண்டு. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு பெரியார் இயக்கத்தினர் அதை எதிர்த்து மறியல் செய்தார்கள். 200 ரூபாய் பவர் ஓவர் இன்னொரு போர்டாக மாறுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ஏசி கடை, ஆங்கில மெனு, 'நோட்ஸ் ஆஃப் பெர்காமட்'.

ஆனால் வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கப்புக்கு 15 கிராம் தூள். கால் கிலோவில் 16 கப். பாக்கெட் 500 ரூபாய் என்றால் கப்புக்கு 31 ரூபாய். தினமும் குடிக்கிற விலை இல்லை, வாரத்துக்கு ஒரு நாள் குடிக்கிற விலை. பிளாஸ்டிக் கூம்பும் காகித வடிகட்டியும் இருந்தால் போதும். கொதித்த தண்ணியை அரை நிமிஷம் விட்டு, முதலில் 30 மில்லி ஊற்றி 40 விநாடி ஊற விடுங்கள். பிறகு மெதுவாக 250 மில்லி வரை. மூன்று நிமிஷத்தில் முடியணும். ரொம்பப் புளித்தால் அடுத்த முறை தூளைக் கொஞ்சம் பொடியாக அரையுங்கள். கசந்தால் கொரகொரப்பாக.

ஃபில்டர் காபிப் பிரியர்களுக்கு இது பிடிக்க நாளாகும். டீ குடிப்பவர்களுக்குச் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் அனுபவம். கட்டஞ்சாயா, லெமன் டீ குடித்த நாக்குக்குப் புளிப்பும் மெல்லிசும் அந்நியம் இல்லை. அப்பா டம்ளரைக் காலி செய்துவிட்டு ரெண்டாவது கேட்கவில்லை. ஆனால் பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கீழ்ப்பழனி மலை, உயரம் இவ்வளவு மீட்டர், அரபிகா.

"நம்ம ஊர்க் கொட்டையா இது? கொடைக்கானல் பக்கமா?"

"ஆமாம்பா."

"இத்தினி வருஷமா காபித்தூள் வாங்குறேன். எந்த ஊருன்னு கேட்டதே இல்ல."

மறுநாள் வழக்கமான கடைக்குப் போனோம். '80க்கு 20, கால் கிலோ' என்று சொல்லிவிட்டு, தூள் அரைபடும் சத்தத்துக்கு மேலே அப்பா கேட்டார்.

"இது எந்த ஊர்க் கொட்டைப்பா?"

"பிளாண்டேஷன் ஏ, சார்."

"அது ஊரா?"

"கிரேடு சார். ஊரெல்லாம் யாரும் கேட்டதில்ல. மூட்டையில பார்த்துச் சொல்லவா?"

"பார்த்து வை. அடுத்த மாசம் வருவேன்."